டென்சிலின் கட்டைவிரல்

ஏற்காட்டிலிருந்து இறங்கும் கடைசி பஸ்ஸில்
அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.
"உள்ள என்னங்க, பைப்பா?"
ஆமாம் என்றேன்.
டெலஸ்கோப் என்றிருந்தால்
இரண்டு கிழித்திருப்பார்.

இருபது கொண்டை ஊசி வளைவிலும்
தோளில் சாய்ந்து சாய்ந்து வந்தது.
உள்ளே ஏதோ ஒரு திருகு
ஒவ்வொரு திருப்பத்துக்கும் கிணுகிணுத்தது.
மார்லீன் அம்மாள் ஏழாயிரம் சொல்லி
ஐந்தரைக்கு இறங்கி
மூடியைத் தனியாகத் தேடித் தந்திருந்தார்.
"அவர் போய் மூணு மழை ஆச்சு. நான் திறக்கவே இல்ல."
அதைக் கேட்டதும் இன்னும் ஐநூறு குறைத்திருக்கலாம்.
குறைக்க வாய் வரவில்லை.

சிவதாபுரத்தில், பட்டறை டியூப்லைட்டுக்குக் கீழே
குழாயின் அடியைக் கழற்றினேன்.
எட்டங்குலக் கண்ணாடி.
மலையின் பனிமூட்டம் அதில்
வேர்பிடித்திருந்தது.
ஓரத்தில் தொடங்கிக் கிளைத்துக் கிளைத்து
காவிரிக்குப் போகும் வழி மறந்த
திருமணிமுத்தாறு போல ஒரு பூஞ்சை.
பூச்சி ஒன்றின் ஒற்றை இறக்கை.
நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே
ஒரு கட்டைவிரல்.

கொலுசுக் கொத்தோடு எட்டிப் பார்த்தார் ஏகாம்பரம்.
"இவ்வளவுதானா?
பூந்திக்கொட்டைத் தண்ணியில போட்டு
பிரஷ்ஷால ரெண்டு இழு இழுப்பா.
நாம பார்க்காத கறுப்பா?"

பதினெட்டு வருஷமாக வெள்ளி தேய்த்த கை எனக்கு.
கறுத்தால் தேய். போகாவிட்டால் இன்னும் தேய்.
ஆனால் இந்தப் பளபளப்பு உள்ளே வரை இல்லை.
ஒரு தலைமுடியை ஆயிரமாய்ப் பிளந்தால்
அதில் ஒரு பங்கு கனம், அலுமினியம்.
ஏகாம்பரத்தின் இரண்டு இழுப்பில்
மிஞ்சுவது கனமான ஒரு கண்ணாடித் தட்டு.

ஐந்து ரோடு பேட்டரிக் கடையில் வடிகட்டிய தண்ணீர்.
பிளாஸ்டிக் தொட்டி, அடியில் மடித்த துண்டு.
முதல் தண்ணீரில் போனது
திறந்து வைத்த ஒரு மணி நேரத்தில் வந்து உட்கார்ந்த
சுண்ணாம்புக்கரட்டு வெள்ளைப் பொடி.
பாத்திர சோப்பு இரண்டு சொட்டு.
ஊறட்டும்.
பிறகு பஞ்சு. அதன் ஈரத்தின் எடை மட்டும்,
என் எடை ஒரு துளியும் கூடாது.
ஒருமுறை இழுத்ததும் எறி. அடுத்த பஞ்சு.
மூன்றாவது பாக்கெட்டுக்குப் போனபோது
மருந்துக்கடைப் பெண் கேட்டாள்:
"யாருக்குங்க அடி?"

அழுத்தாமல் இருப்பதற்கு
இவ்வளவு வலு வேண்டுமென்று தோளுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆறு கரைந்தது. மணல்தடம் போல ஒரு மங்கல் மிச்சம்.
விரல் போகவில்லை.
ஏதோ ஓர் இரவில்
நழுவிய கண்ணாடியைப் பிடித்திருப்பார் டென்சில் ரொசாரியோ.
அல்லது சும்மா, தூசிதானா என்று தொட்டிருப்பார்.
வேர்வை பூச்சைத் தின்று
சுழி வரைக்கும் இறங்கிவிட்டது.
குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு,
மிளகுக்கொடி கழித்த கத்தியாக இருக்கலாம்.
பத்திரத்தில் வைத்த கைநாட்டு மாதிரி.

"புதுசா பூசித் தர்றவங்க இருக்காங்களாமே,"
என்றாள் இந்துமதி.
இருக்கிறார்கள். டெலஸ்கோப்பின் விலையைவிட
அவர்கள் கூலி அதிகம்.

மொட்டைமாடி. வானத்தில் பாதி
தெருவிளக்கின் மஞ்சள்.
தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சனி ஏறும்போது மணி ஒன்று.
வளையம். வளையத்துக்கும் உருண்டைக்கும் நடுவே
நூலளவு இருட்டு.
பக்கத்தில் ஒரு பொட்டு.
விரலைத் தேடினேன், எங்கும் இல்லை.
கொஞ்சம் வெளிச்சம் குறையுமாம்.
எவ்வளவு என்று பட்டறைத் தராசில் நிறுக்க முடியாது.

பக்கத்து நட்சத்திரம் ஒன்றுக்குத் திருப்பி
குமிழை வேண்டுமென்றே வெளியே திருகினேன்.
புள்ளி உப்பி, ஒரு ரூபாய்க் காசாய் விரிய,
அதன் ஓரத்தில் மங்கலாக
சுழி, தழும்பு.

திரும்பக் கூராக்கிவிட்டு நகர்ந்தேன்.
ஏகாம்பரம் கண்ணை வைத்தார்.
ரொம்ப நேரம் எடுக்கவில்லை.
பிறகு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே,
"இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கலாம்ப்பா."