கையொப்பம்

மாங்குளம் பாலுற்பத்தியாளர் சங்கத்தின் பின்னறையில்
தீவனச் சாக்குகளுக்கும் சுவருக்கும் நடுவே
அந்தச் சேர்வர்.
ஆரோ கொடையாகத் தந்த பழம் பெட்டி.
நூற்றெண்பத்தாறு பேர், காலைப் பால், மாலைப் பால்,
லீற்றர், கொழுப்பு வீதம், குடுக்கவேண்டிய காசு.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

புது இயங்குதளம் போடவேணும்.
பிருந்தாபன் மூலநிரலில் இருந்துதான் கட்டுவானாம்.
"ஆயத்தப் பொதியை இறக்கி ஏத்துறது
ஆரோ மென்ற சோத்தை விழுங்கிற மாதிரி அக்கா."
வெள்ளிக்கிழமை காசு குடுக்கிற நாள் என்றேன்.
அன்றைக்குப் புதன்.

கேர்னல் என்று ஃபோனில் கதைக்காதே என்று
முன்னமே சொல்லி வைத்திருந்தேன்.
இந்த வீதியில் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம்,
பக்கத்துச் சீற் நிமிர்ந்து பார்க்கும்.
கரு என்று சொல்லப் பழகினான்.
"கரு தங்கேல்லை அக்கா, திரும்பக் கட்டவேணும்"
என்று ஒருநாள் கத்தினான்.
முழு பஸ்சும் திரும்பியது.

ஏழு மணிக்குத் தொடங்கியது.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள்
ஈசல் மாதிரி ஏறி ஏறிப் போயின.
வேண்டாததை எல்லாம் வெட்டியிருந்தான்:
ஒலி இல்லை, புளூடூத் இல்லை,
நாங்கள் ஒருநாளும் தொடாத அச்சுப்பொறிகள் இல்லை.
பாலுக்கு எது வேணுமோ அது மட்டும்.
அழகாய்த்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு நாற்பதுக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் பதினொரு நிமிடம் தாங்கியது.
விசிறி நின்ற பிறகுதான் தெரிந்தது
அது எவ்வளவு நேரமாய் இரைந்தது என்று.
எழுபத்தொரு வீதம்.

இருட்டில் அவனுக்குச் சொன்னேன்.
நாலு வருடம் முகமாலையில் மிதிவெடி எடுத்தேன்.
முழங்காலில். முகக்கவசத்துக்குள்
என் மூச்சே எனக்குப் புழுக்கம்.
நல்ல நாளென்றால் எட்டுச் சதுர மீற்றர்.
வேர் என்று கண்டுபிடிக்கும்வரை வேரும் வேர் இல்லை.
உன்ர மூலநிரல் அதுதான்.
பிறகு ஒரு தாள், அதன் கீழ் ஒரு கையொப்பம்.
அடுத்த மாதம் ஒருத்தி வந்து
அந்தத் துண்டில் கச்சான் போட்டாள்.
தோண்டிப் பார்க்கவில்லை. என் பெயரும் தெரியாது.
தாளை மடித்துச் செருகினாள்,
மண்வெட்டியை ஓங்கினாள்.

"அந்தத் தாளில பிழை இருந்தால்?"

ஒருக்கால் இருந்தது என்றேன்.
அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை.

நாலரைக்கு விளக்கு வந்தது.
விட்ட இடத்திலிருந்து தொடங்கப் போனவனை நிறுத்தி,
உன்ர கம்பைலரை ஆர் கட்டினது என்றேன்.
கொஞ்சம் யோசித்தான்.
"இறக்கினதுதான். ஆயத்தமா."
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, நித்திரையும் வந்தது.

விடியப் பொதிகளை இறக்கினோம்.
ஒவ்வொன்றின் கையொப்பத்தையும்
எழுத்தெழுத்தாய் ஒப்பிடச் சொல்லி
பக்கத்திலேயே நின்றேன், பழைய பழக்கம்.
தரவுத்தளம் மட்டும் ஓட மறுத்தது:
புதுப் பொதி சொல்லும் ஏதோ ஒரு கட்டளை
இந்தப் பழம் பெட்டிக்கு விளங்கவில்லை.
பிருந்தாபனின் முகத்தில் வெட்கமில்லாத வெளிச்சம்.
சரி, அதை மட்டும் கட்டு என்றேன்.

வெள்ளி பத்து மணிக்குச் சிட்டைகள் வந்தன.
ஒலுமடு லூர்துநாயகி காசை வாங்கவில்லை.
பிளவுசுக்குள் இருந்து ஒரு கொப்பியை எடுத்தாள்,
பென்சில் கணக்கு, ஒவ்வொரு நேரப் பாலும்.
எங்கள் சிட்டையில் ஐந்து லீற்றர் குறைவு.

அவளைக் கதிரையில் இருத்திவிட்டுத் தேடினோம்.
அவன் தன் தரவுத்தளத்தைச் சந்தேகித்தான்,
நான் பொதிகளைச் சந்தேகித்தேன்.
ஒரு மணித்தியாலம்.
கருவிலும் இல்லை, பொதியிலும் இல்லை.
போன செவ்வாய், மாலைப் பால்,
எட்டை மூன்று என்று அடித்திருந்தது நான்.

திருத்திக் காசைக் குடுத்தேன்.
மூன்று தரம் எண்ணினாள்.
பிறகு சிட்டையை வாசிக்காமலே
கையொப்பம் வைத்தாள்.