தலை கவனம்

கீலிலிருந்து படகு பதினொன்று பத்துக்கு.
இந்தப் பயணத்தில் இது மூன்றாவது போர்க்கப்பல்.
முதல் இரண்டிலும் மழை. இங்கே
உப்புக் குறைந்த பால்டிக் காற்று மட்டும்;
என் குடையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தது.

நீர்மூழ்கியைத் தூக்கி மணலில் வைத்திருக்கிறார்கள்.
அதற்கும் கடலுக்கும் நடுவே
ஒரு சைக்கிள் பாதை, ஓர் ஐஸ்கிரீம் வண்டி,
வாடகைக்குப் பிரம்புக்கூடை நாற்காலிகள்.
நாய்கள் முட்டுத்தூணை முகர்ந்து
தங்கள் கருத்தைத் தெரிவித்துவிட்டுப் போகின்றன.

ஏழு யூரோ.
முதல் கதவு கதவே அல்ல,
இரும்பில் வெட்டிய வட்டம்.
காலை முதலில் விடுவதா, தலையையா என்று
ஹனோவர்க் குடும்பம் ஒன்று விவாதித்து நிற்கிறது.
எனக்குத் தலைக்கு வந்தது தொப்பியோடு போயிற்று.
பின்னால் யாரோ சிரித்தார்கள், நானும்தான்.
இரும்பில் பட்டுத் திரும்பிய சிரிப்பு
எங்களில் யாருடையதாகவும் இல்லை.

படுக்கை ஒன்று, ஆள் இரண்டு.
ஒருவன் எழுந்த சூட்டில் மற்றவன் படுப்பான்.
கீழே டார்ப்பிடோ, மேலே தொங்கும் தொத்திறைச்சி.
இரண்டு கழிப்பறைகளில் ஒன்றை
உருளைக்கிழங்குக்குக் கொடுத்துவிட்டார்கள்.
ஐம்பது பேருக்கு மற்றொன்று.
வீரம் என்று கல்லில் வெட்டியவர்கள்
அந்த வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள்.

நடு அறையில் ஒருத்தி துடைத்துக்கொண்டிருந்தாள்.
சட்டையில் வீப்கே என்ற பெயர்,
ஒற்றைக் காதில் பாட்டு.
அவள் பக்கத்தில் ஒரு பித்தளைக் கைப்பிடி மட்டும்
பொன்னாய் மின்னியது.
எத்தனை கைகள் பற்றியிருக்கும், இருட்டில், பயத்தில்,
என்றேன், கொஞ்சம் குரல் தழுதழுக்க.

"அது உங்களால்தான்" என்றாள்.
"டிக்கெட் வாங்கியவர்களால்.
அந்தப் பையன்கள் இதில் இருந்தது ஒன்றரை வருடம்.
கையெல்லாம் கிரீஸ். எதுவும் மின்னியிருக்காது."
துணியைப் பிழிந்தாள். கறுப்பாய் இறங்கியது தண்ணீர்.
நான் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.
குறுக்குக் கோடு நேரே போய் நின்ற இடத்தில்
மஞ்சள் மழைக்கோட்டுச் சிறுமி,
முழங்கை வரை வழியும் ஸ்ட்ராபெர்ரியை
நாக்கால் துரத்திக்கொண்டு.
நகர்த்தினேன்.
வண்டிக்காரர். மறுபடி நகர்த்தினேன்.
கூடை நாற்காலியில் வாய் திறந்து தூங்கும் இருவர்.
ஆளில்லாத இடம் தேடித் தேடி
வெறும் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்தினேன்.
அந்தத் தண்ணீருக்குள் ஒரு படகு வந்தது.
நான் திரும்பிப் போக வேண்டிய படகு.

அடுத்ததுக்குப் போகலாம் என்று
மதியம் நினைவுச்சுவர் பார்க்க நடந்தேன்.
வெண்கலத்தில் எண்கள், எண்களுக்குக் கீழ் பெயர்கள்.
ட்யார்க் லோரன்சன், சமையல்காரன்,
பத்தொன்பது வயது, மார்ச் பதினேழு.
போன வாரம் லிவர்பூல் சுவரில்
ஒரு சரக்குக் கப்பலின் பட்டியலை
படம் பிடித்தது நினைவு வந்தது. தேடினேன்.
ஆலன் பிரிதெர்க், உதவிச் சமையல்காரன், மார்ச்...
பெரிதாக்கிப் பார்த்தேன். பதினாறு.
ஒரு நாள் தள்ளி. கடலும் வேறாக இருக்கலாம்.
பொருந்தியிருந்தால் எனக்கு வசதி.
பொருந்தாமல் செத்திருக்கிறார்கள் இருவரும்,
அவரவர் அடுப்பை அணைக்க நேரமில்லாமல்.

கைகழுவ இடமில்லை.
பித்தளை வாடையோடே
மீன் வைத்த ரொட்டியைத் தின்று முடித்தேன்.

திரும்பும் படகில் எதிர் இருக்கையில்
அதே மஞ்சள் மழைக்கோட்டு,
மார்பில் காய்ந்த இளஞ்சிவப்புக் கறை.
டிக்கெட்டைக் குழலாகச் சுருட்டி
ஒரு கண்ணை மூடி
ஜன்னலை, கடற்பறவையை, அம்மாவின் காதைப் பார்த்தாள்.
பிறகு என்னிடம் வந்து நின்றது குழல்.

நான் நகரவில்லை.