நான்கு விநாடி

கப்பல் ட்வூரோய்ரி துறையை விட்டதும்
ஹானுஸ் என் மேசைக்கே வந்து உட்கார்ந்தான்.
தோற்றவளுக்கும் ஜெயித்தவனுக்கும் ஒரே கப்பல்தான்.
நாளைக் காலை டோர்ஷாவ்னில் அவன் பல்லைப் பிடுங்கப் போகிறார்களாம்.
கோட்டுப் பையிலிருந்து காந்தப் பலகையை எடுத்தான்.
கறுப்புச் சிப்பாய் ஒன்று எந்தக் காலத்திலோ தொலைந்துபோனது.
அதன் இடத்தில்
கடல் குமட்டலுக்கான மாத்திரை ஒன்றை வைத்தோம்.

எங்கே போனது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
முப்பத்தொன்று.
குதிரை எஃப் ஐந்தில் குதித்திருக்க வேண்டும்.
நான் யானையை அனுப்பி ஒரு சிப்பாயைப் பொறுக்கினேன்,
தரையில் கிடந்த சில்லறைக்குக் குனிபவள்போல.
குனிந்த நேரத்தில்
எல்லாம் என் தலைக்கு மேலே போய்விட்டது.

"எட்டு நிமிடம்" என்றான் ஹானுஸ்.
"எட்டு நிமிடம் நீ யோசித்தாய்.
நான் எஃப் ஐந்தைப் பார்க்கவே இல்லை.
பார்த்தால் நீயும் பார்த்துவிடுவாய் என்று
மண்டப ஓரத்துக் காபிக் குடுவையை முறைத்துக்கொண்டிருந்தேன்.
கை கொடுக்க எழுந்துவிடலாம் என்றுகூட இருந்தது.
நீ யானையைத் தொட்டாய்.
எனக்குப் பசித்தது."

இதைக் கேட்டிருக்கவே வேண்டாம்.
மீன் ஏலத்தில் நிற்பவள் நான்.
எதிராளியின் தாடை இறுகுவதை வைத்தே
ஒரு பெட்டிக் காட் மீனுக்கு விலை சொல்வேன்.
ஒரு குடுவையை ஒருவன் எட்டு நிமிடம் வெறிப்பது மட்டும்
கண்ணில் படவில்லை.

லிட்லா டீமுன் வந்தது. ஆடுகள் மட்டும் வாழும் தீவு,
இன்று ஆடுகளும் மேகத்துக்குள்.
போனில் ஒரு கோடும் இல்லை.
அதுவரை எங்கள் அறிவுதான் எங்களுக்குச் சட்டம்.
குதிரையை எஃப் ஐந்தில் வைத்தோம்,
ராணியை ஜி ஏழுக்கு ஏவினோம்,
அவன் ராஜா ஏழு விதமாகச் செத்தான்.
ஒவ்வொரு முறையும் எனக்கு இன்னும் கொஞ்சம் வலித்தது.
அணி தோற்றது அரைப் புள்ளியில்.
ரன்வாவும் மற்றவர்களும் இரண்டு மேசை தள்ளி
என்னைப் பார்க்காமல் சீட்டாடினார்கள்.

அலை பெருத்தது.
ஹானுஸ் முகம் வெளுத்து, யோசித்து,
பி ஏழில் இருந்த சிப்பாயை எடுத்து விழுங்கினான்.
"விதிப்படி செல்லாது" என்றேன்.
"என் சிப்பாய்தானே" என்றான்.

ஊர் விளக்குகள் தெரிந்தபோது சிக்னலும் வந்தது.
ஆட்டத்தை எந்திரத்துக்கு ஊட்டினோம்.
முப்பத்தொன்று, குதிரை எஃப் ஐந்து:
யானை ஜி எட்டு. அவ்வளவுதான்.
ஒரு அடி பின்வாங்கல்.
பூஜ்யம், புள்ளி, பூஜ்யம் பூஜ்யம்.
நான் இரண்டு மணி நேரம் அழாமல் அழுத வெற்றியும்
அவன் எட்டு நிமிடம் செத்த மரணமும்
அந்தக் கட்டத்தில் இருந்ததே இல்லை.

கோடு நெடுகத் தட்டையாக ஓடியது,
ஒரே இடத்தில் மட்டும் ஊசிபோல் நிமிர்ந்திருந்தது.
பத்தொன்பது.
அவன் என் மந்திரியை வெட்டினான், நான் அவன் மந்திரியை வெட்டினேன்;
வாசலில் எதிர்ப்பட்டவனுக்கு வணக்கம் சொல்வதுபோல.
அதற்கு முன்னால் யானையால் ஈ எட்டில் ஒரு செக்.
ராஜா ஒதுங்கியிருப்பான்,
ராணி தனியாக நின்றிருப்பாள்.

குறிப்புத்தாளைப் பிரித்துப் பார்த்தேன்.
முப்பத்தொன்றைச் சுற்றி மூன்று வட்டம்,
பேனா முனை தாளைக் கிழித்திருந்தது.
பத்தொன்பதில் என் கையெழுத்து முத்து முத்தாக.
பக்கத்தில் குறித்த நேரம்: நான்கு விநாடி.

"நீயும் பார்க்கவில்லையா?"
"பார்த்திருந்தால் குடுவையைப் பார்த்திருப்பேனே" என்றான்.

கப்பல் கரையில் இடித்து நின்றது.
வண்டிகள் ஒவ்வொன்றாய்க் கண் விழித்தன.
மழையில் இறங்கும்போது ரன்வா கேட்டாள்,
"முப்பத்தொன்றுதானே?"

ஆமாம் என்றேன்.