பள்ளம்தான்

மணலி ரவுண்டானா தாண்டி
டயர் எதன்மீதோ ஏறி இறங்கியது.
பள்ளம்தான்.
தெரியும்.
தெரிந்தது போதவில்லை.

நாற்பதடி கண்டெய்னரை
எண்ணூர் விரைவுச் சாலையில் திருப்ப
மூன்று கிலோமீட்டர் போய் வரவேண்டும்.
போய் வந்தேன்.
ஒருமுறை இல்லை, அந்த ராத்திரி ஆறுமுறை.
டார்ச் அடித்துப் பார்த்தால்
தார், கொஞ்சம் நிலக்கரித் தூள்,
ஒற்றைச் செருப்பு.
அந்தச் செருப்பு பதினோரு நாள்
என்னைத் தூங்கவிடவில்லை.

ஹார்பர் கேட்டில் என் வரிசை போயிற்று.
எத்திராஜுக்குக் காத்து பட்டிருக்கு என்றார்கள் டீக்கடையில்.
காசிமேட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள்.
கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று
அதையும் பார்க்க ஆரம்பித்தேன்.

ஸ்டான்லியில் டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண்.
"காலைல பேப்பர்ல விபத்துச் செய்தி தேடுவீங்களா?"
யாருக்கும் சொல்லாதது அது.
குமுதாவுக்குக்கூட.
"இதுக்கு ஒரு பேர் இருக்கு" என்றாள்.
பேர் இருக்கு என்றதுமே அழுகை வந்துவிட்டது,
முப்பத்தெட்டு வயசு ஆம்பளைக்கு,
பின்னால் நாற்பது பேர் கியூவில் நிற்க.

பச்சையும் வெள்ளையுமாக மாத்திரை.
"உடனே கேக்காது. பத்து வாரம்கூட ஆகும்.
நீங்களா நிறுத்திடாதீங்க."
முதல் வாரம் குமட்டல்.
இரண்டாம் வாரமும் வண்டியை மச்சான் ஓட்ட
நான் கிளீனர் சீட்டில்.
மூன்றாம் வாரம் குமுதா பக்கம் திரும்பிப் படுத்தேன்,
உடம்பு கேட்கவில்லை.
இதையும் டாக்டர்கிட்ட சொல்லணும் என்றாள்.
நீயே சொல்லு என்றேன்.
சொன்னாள், என் முன்னாலேயே.
ஐந்தாம் வாரம் அளவைக் கூட்டினார்கள்.

மாத்திரை மட்டும் போதாதாம்.
புதன்கிழமைகளில் இக்னேஷியஸ் என்கிற தம்பி
வீட்டுப்பாடம் கொடுத்தான்.
பள்ளத்தில் ஏற்றுங்க. திரும்பிப் போகாதீங்க.
பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை மார்க், எழுதுங்க.
குமுதாவிடம் தனியாக ஒன்று சொன்னான்:
"ராத்திரி போன் பண்ணி,
யாரையும் இடிக்கலையேன்னு கேப்பாரு.
இல்லைன்னு சொல்லாதீங்க."

ஒன்பது வருஷமாகச் சொன்னவள்.
மீன் கழுவிய கையோடு,
பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி,
"இல்லபா, யாரும் இல்ல, நீ வா."
அந்த 'இல்ல'தான் அதுக்குத் தீனியாம்.

முதல் நாள் திருவொற்றியூரில் தடக்.
திரும்பவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியது.
ஹார்பர் கியூவில் வண்டி நின்றதும் போன் போட்டேன்.
"குமுதா, யாரையும்..."
அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.
அவள் மூச்சு கேட்டது.
"தெரியல" என்றாள்.
"நான் அங்க இல்லல்ல."
வைத்துவிட்டாள்.
வைத்தபின் தரையில் உட்கார்ந்து அழுதாளாம்,
மகள்தான் அப்புறம் சொன்னாள்.

தொண்ணூற்றைந்து என்று எழுதினேன்.
முன்னால் இருநூறு டிரெய்லர், பின்னால் எவ்வளவோ.
திரும்ப நினைத்தாலும் இடமில்லை.
எல்லோரும் திட்டுகிற அந்த நெரிசலை
அன்று மட்டும் நான் திட்டவில்லை.
எண்பது.
கடல் பக்கமிருந்து கருவாட்டு வாசம்.
எழுபத்தைந்து. மறுபடி எண்பது.
சுண்டல் விற்றுக்கொண்டு ஒரு பையன் வந்தான்.
பொட்டலம் தீரும்போது அறுபது.

இன்றைக்குப் பதினான்காவது வாரம்.
டயர் எதன்மீதோ ஏறி இறங்கியது.
பள்ளமாகத்தான் இருக்கும்.
இல்லாமலும் இருக்கலாம்.
நாற்பது என்று எழுதி
பேனாவைச் சட்டைப்பையில் செருகுகிறேன்.
அட்டையில் இரண்டு மாத்திரைதான் பாக்கி,
நாளைக்கு ஸ்டான்லி போகணும்.
கேட்டில் கை காட்டுகிறான்.
என் கை கண்ணாடிப் பக்கம் போகிறது,
கியருக்கு வருகிறது.