கால் அங்குலம்

லைல் விழுந்தது செவ்வாய்க்கிழமை,
வேலைக்குக் கிளம்பும்போது,
இரண்டாவது படியையே தரை என்று நம்பி.
வீங்கிய கணுக்காலை பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு
அன்றும் இரவு எட்டிலிருந்து காலை எட்டுவரை
சர்க்கரை பீட் மலையடியில் நின்றான்.

வடக்கு டகோட்டாவில் அக்டோபர் என்றால்
ஏழு மணிக்கே யாரோ
கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள்.
அறுவடைக்கு வந்த நாங்கள் நாற்பது வண்டிகள்.
எங்களுடையது
பிக்கப்பின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் வீடு.
உள்ளே நான்கு விளக்குகள்.
வெளியே ஒன்றுமில்லை.

கிராஃப்டனில் ஒரு விளக்கு வாங்கினேன்.
உள்ளங்கை அகலம், பதினெட்டு டாலர்.
மஞ்சள் ஒளிக்குப் பூச்சி வராது என்றான் கடைக்காரன்.
இந்தக் குளிரில் எந்தப் பூச்சி வரும்?

சிக்கல் இதுதான்:
பகலில் துளைபோட முடியாது,
சுவருக்கு அந்தப்பக்கம், ஒன்றரை அங்குலத்தில்,
அவன் தலை தூங்குகிறது.
இரவில் போடலாம். ஆனால் இருட்டு.
விளக்கு மாட்ட
ஒரு விளக்கு வேண்டியிருந்தது.

பக்கத்து வண்டித் தெல்மா வந்தாள்,
நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு.
அர்க்கன்சாவில் இருபத்தாறு வருடம்
ஆம்புலன்ஸ் ஓட்டியவள்.
"எந்த இடத்தில் வெட்டப்போகிறாய்?" என்றாள்.

பென்சில் புள்ளியை நான்குமுறை அழித்தேன்.
அவளிடம் சொல்லவில்லை:
இதுவரை நான் எந்தச் சுவரிலும்
ஓர் ஆணிகூட அடித்ததில்லை.
எல்லாம் வாடகை.
போகும்போது ஓட்டைகளை எண்ணி
அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள்.
ஐம்பத்து மூன்று வயதில்
சொந்தமாக நான் போடும் முதல் ஓட்டை
இது.

டிரில் முதலில் வழுக்கியது.
பிறகு அலுமினியம் சுருள்சுருளாக
சட்டைக் கையில் விழுந்தது.
அப்புறம் மரம்.
அப்புறம் வெள்ளை நுரைத்தூள்.
அப்புறம் திடீரென்று
எதுவுமே இல்லாத ஓர் இடம்,
அதிலிருந்து வெதுவெதுவென்று ஒரு மூச்சு:
காலையில் பொரித்த பேக்கன்,
காயாத காலுறை, கொஞ்சம் டீசல்.
வெளியே நிற்கிறவருக்கு
என் வீடு இப்படித்தான் மணக்கும் போல.

கம்பிகளை முறுக்கிச் சேர்த்தேன்.
எரியவில்லை.
ஃபியூஸைப் பார்த்தேன், பேட்டரியைத் திட்டினேன்.
"கறுப்பு தரை என்று நினைத்தாயா?
இந்த வண்டிகளில் கறுப்புக்குத்தான் உயிர்.
தரை வெள்ளை" என்றாள் தெல்மா.
மாற்றினேன்.
குளிரில் கட்டியாகிப் போன ஒட்டுப்பசையை
கால்மணி நேரம் அக்குளில் வைத்திருந்தேன்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
விளிம்பெல்லாம் பூசி,
விரலை ஜீன்ஸில் துடைத்து,
சுவிட்சைத் தட்டினேன்.

படிகள் வந்தன.
மூன்று.
ஒரு லாரி சிந்திவிட்டுப்போன பீட் கிழங்கு,
மண் அப்பி, மனிதத் தலை அளவில்.
படிக்கு அடியில்
சனிக்கிழமையிலிருந்து தேடிக்கொண்டிருந்த
லைலின் இடதுகைக் கையுறை.

அவ்வளவுதான் வந்தது.
மற்ற முப்பத்தொன்பது வண்டிகளும்
முன்பைவிடக் கறுத்துப்போயின.
தெல்மா திரும்பி நடந்தாள்.
வெளிச்சம் முடிகிற இடத்தில் நின்று
ஒரு காலால் தரையைத் தடவிப் பார்த்தாள்.
அப்புறம் குரல் மட்டும் வந்தது:
"அந்த டிரில்லை உள்ளே வைத்துவிடாதே."

இரவு முழுக்க எரியவிட்டேன்.
தூக்கத்தில் இரண்டுமுறை எழுந்து
ஜன்னலில் பார்த்தேன்.

லைல் வந்தபோது எட்டரை.
வயல் முழுக்க வெயில்.
விளக்கு எரிகிறதா இல்லையா என்று
எனக்கே சந்தேகமாக இருந்தது.
முழங்கால்வரை சேறோடு
நொண்டி நொண்டி ஏறினான்.
"வெளியே ஏதோ எரிகிறது,
பேட்டரி போய்விடும்" என்றபடி
கதவோரம் கையை நீட்டி அணைத்தான்.
சுவிட்ச் எங்கே என்று கேட்கவில்லை.
அவன் உயரத்துக்குத்தான் வைத்திருந்தேன்,
எனக்குக் கொஞ்சம் எட்டித் தொடவேண்டும்.

ஹீட்டர்மேல் காய்ந்துகொண்டிருந்த கையுறையை
அப்போதுதான் கவனித்தான்.
"எங்கே இருந்தது?"

"படிக்கு அடியில்."

"அங்கே நான் பார்த்தேனே" என்றான்.