மூன்று கப்

தவுக்கே கேட்டது ஒரே கேள்விதான்:
"பெராப்பா ஓராங், தங்கச்சி?"
எத்தனை பேருக்கு.

செந்தூல் கடையில், மின்விசிறிகளுக்குக் கீழே
மூன்று குக்கர்கள் வாய் திறந்து நின்றன,
பல் டாக்டரிடம் வந்தவர்கள்போல.
பெரியதற்குப் பத்துக் கப். நடு ஒன்றுக்கு ஐந்து.
சின்னதற்கு மூன்று; அதன் தலையில் ஒரு கைப்பிடி,
எங்கோ புறப்பட்டு நிற்பதைப்போல.

நான் பதில் சொல்லவில்லை.
திங்கள் முதல் வியாழன் வரை ஒருத்தி.
வெள்ளி இரவு ஈப்போ ரயிலில்
யுவனேஷ் வந்தால் இரண்டு.
ஆனால் அவனையே மூன்றாக எண்ண வேண்டும்,
வயது பத்தொன்பது.
கணவர் ஜொகூரில். அது வேறு கணக்கு,
அரிசியில் வராது.

லிட்டர் எனக்குப் புதிதல்ல.
டயாலிசிஸ் மையத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் நான்.
வரும்போது ஒரு எடை, போகும்போது ஒரு எடை,
நடுவில் இயந்திரம் இறக்கியது இரண்டு லிட்டர், இரண்டரை.
'பூஜ்யம் புள்ளி ஆறு' என்று அட்டையில் பார்த்ததும்
வேதமுத்து சார் நினைவுக்கு வந்தார்.
ஒரு நாளைக்கு அவர் குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்த தண்ணீர்
கிட்டத்தட்ட இவ்வளவுதான்.
அதிலும் மிச்சம் பிடித்து
மாலையில் ஒரு கோப்பி குடிப்பார்.

வீட்டில் இருப்பது பத்துக் கப் சட்டி.
அதன் விசை நிற்பதில்லை; கரண்டிக் காம்பை முட்டுக் கொடுப்பேன்.
ஒரு கப் அரிசி அதன் அடியில் மெலிந்து பரவி
பாதி தீய்ந்து, பாதி குழைந்து,
விடிந்தால் மஞ்சள் பூத்துக் கிடக்கும்.
முகர்ந்து பார்ப்பேன். கெடவில்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு மோர் ஊற்றுவேன்.

"பொன்னிப் புழுங்கல் போட்டால் பொங்குமா?"
தவுக்கேவுக்குப் புரியவில்லை. இரண்டு கையையும் தூக்கி
நுரை வழிவதை நடித்துக் காட்டினேன்.
சிரித்தார். உள்சட்டியை எடுத்து
ஆள்காட்டி விரலை நட்டார்: முதல் கணு வரை தண்ணீர்.
நான் என் விரலை நட்டேன்: ஒன்றரைக் கணு.
எங்கள் அரிசி கூடுதலாகக் குடிக்கும்.
இரண்டு விரலும் காலிச் சட்டிக்குள்
சற்று நேரம் வாதாடின.

எவர்சில்வர் சட்டி உண்டா? இல்லை.
இந்த ஒட்டாத பூச்சு எத்தனை நாள் ஒட்டியிருக்கும்?
தோளைக் குலுக்கினார்.

சின்னதையே எடுத்தேன்.
லிஃப்டில் ஒன்பதாம் மாடி மாக் சிக் ரொக்காயா
பெட்டியைப் பார்த்து "கெச்சில்ஞா" என்றார்,
யார் வீட்டுக் குழந்தையையோ கொஞ்சுகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை பத்து மணி தாண்டி வந்தான்.
முதல் சட்டி, நெத்திலிச் சம்பலோடு,
நான் ரசத்தை இறக்குவதற்குள் காலி.
"இன்னும் இருக்காம்மா?"
அரிசி கழுவினேன். விரலை வைத்தேன். விசையை அழுத்தினேன்.

இருபத்தெட்டு நிமிடம்.
தட்டோடு தரையில் உட்கார்ந்தான், கை காய.
போனில் சார்ஜ் இல்லை;
இருக்கிற ஒரே பிளக்கில் குக்கர்.
பதினொன்றாவது நிமிடம் மூடி துள்ள ஆரம்பித்தது.
கொஞ்சம் வழிந்தது. துணியால் ஒற்றினேன்.
அப்போதுதான் சொன்னான்,
நுரையைப் பார்த்துக்கொண்டே:
இந்த செமஸ்டரில் இரண்டு பாடம் போச்சு.
அப்பாவுக்குத்தான் முதலில் போன் பண்ணினான்.
எடுக்கவில்லை.

நான் துணியைப் பிழிந்தேன்.
எந்தப் பாடம் என்று கேட்டேன். சொன்னான்.
ஒன்றில் மூன்று மார்க்கில் போயிருக்கிறது.
அந்த மூன்றைப் பற்றி அவன் பேசப் பேச
விசை டக்கென்று மேலேறியது.

"பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும்,
இப்பத் திறந்தா பருக்கை உடைஞ்சிடும்."
சரி என்றான். மீதியையும் சொன்னான்.

"பெருசா வாங்கியிருக்கலாமேம்மா,"
வாய் நிறையச் சோற்றோடு.
"விலை ஜாஸ்திடா."

பன்னிரண்டு வெள்ளிதான் வித்தியாசம்.