தொண்ணூறு மில்லி

ஆம்பூரில் ஆட்டம் முடிந்து ஒன்றரை மணி நேரம்.
ரியாசத்துக்கு இன்னும் வரவில்லை.
நாலு பாட்டில் தண்ணீர், ஒரு மோர் பாக்கெட்.
சென்னையிலிருந்து வந்த டாக்டர் பெண் என்பதால்
நின்று பார்க்க ஓர் ஆண் வேண்டுமாம்,
கேட்டில் டிக்கெட் கிழித்த என்னைக் கூப்பிட்டார்கள்.

மே மாத வெயில் எல்லாவற்றையும்
ஜெர்சி வழியாகவே வாங்கிக்கொண்டது.
"பாலாறே வராத ஊர்ல
எனக்கு மட்டும் வருமாண்ணே?"
சிரித்தோம். அப்புறம் மெதுவாக,
"போன வாரம் இருமல் டானிக் ரெண்டு மூடி குடிச்சேன்.
அதுல ஏதாவது..."

மைக்கில் அறிவித்தார்கள்:
இன்றைய பார்வையாளர்கள் நாலாயிரத்து இருநூறு.
என் பையில் கிழிந்த பாதிகள்
முந்நூற்றுப் பதினேழு.
அதிலும் நாற்பது, ஷூ கம்பெனிக்காரர்
ஷிப்ட் ஆட்களுக்கு ஓசியில் கொடுத்தது.
அந்தக் கணக்கை யாரும் பாட்டிலில் பிடித்து
சீல் வைத்து டில்லிக்கு அனுப்பப் போவதில்லை.

கடைசியில் வந்தது.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
கோட்டைப் பார்த்தார் டாக்டர்.
எண்பத்தைந்து.
"இன்னும் அஞ்சு வேணும்."

வெளியே யாரோ மைதான விளக்கை அணைத்தார்கள்.
நான் அடுத்த பாட்டிலின் மூடியைத் திருகினேன்.